சிவப்பு கிளிப்

சிறுதொழில் உதவி மையத்திலிருந்து அந்த அம்மா வந்தபோது நான் பலகையிலிருந்து ஒரு சிவப்பு கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அது என் காலை வேலை. ஏழு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். நான் எட்டுக்கு வருவேன். வாசலைத் தாண்டியதும் இடது சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஐந்து ஆணிகள். ஆணியில் துணி கிளிப் தொங்கினால் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு என் மேசைக்குப் போவேன். சலவைக்கூடத்தில் கிளிப்புக்கு எப்போதும் பஞ்சம். நீலம் மருத்துவமனை மூட்டைக்கு. மஞ்சளும் பச்சையும் இரண்டு விடுதிகளுக்கு. சிவப்பு மூன்றாவது விடுதியினுடையது. அவர்கள் எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருடமாகிறது. ஆகவே சிவப்புக்கு வேலையில்லை. சட்டையில் மாட்டிக்கொண்டதை யாரோ மறதியாக ஆணியில் விட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆரம்பத்தில் நாளுக்கு இரண்டு மூன்று இருக்கும். பிறகு குறைந்தது. இப்போது எப்போதாவது முதல் ஆணியில் மட்டும் ஒன்று. ஆட்கள் ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

கூடம் என் மனைவி தொடங்கியது. அவள் இறந்து ஏழு மாதம். அதற்கு முன் நான் பெயின்ட் தொழிற்சாலை ஆய்வகத்தில் நிறம் ஒப்பிடும் வேலையில் இருந்தேன். வேதியியல் படித்தவன். சலவை தெரியாது. விற்றுவிடு என்றார்கள். விற்பதற்கும் நாலு பேரிடம் பேச வேண்டும். பேசாமல் இருக்க வசதியான இடமாக இருந்ததால் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சார், அடுப்புக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் மையத்து அம்மா. ஐம்பது வயதிருக்கும். தோளில் கனமான பை. உள்ளே வந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, முகம் நனைந்துவிட்டது.

"ரோலர் ஓடுது மேடம்."

ரோலர் என்பது ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் இரும்பு உருளை. சூடாகிச் சுழலும். ஈர பெட்ஷீட்டை முன்பக்கம் கொடுத்தால் பின்பக்கம் காய்ந்து சுருக்கமில்லாமல் வரும். கொடுப்பவர் பெரியக்கா. ஐம்பத்து மூன்று வயது. இந்தக் கூடத்தின் முதல் ஆள். ஒன்பது வருடமாக அந்த உருளைக்கு முன்னால்தான் நிற்கிறார். பின்பக்கம் வாங்கி மடிப்பது அண்ணியும் நாத்தனாருமாக இரண்டு பெண்கள். வாஷிங் மெஷின்களைப் பார்ப்பவருக்கு மோட்டார் என்று பெயர். ஓயாமல் பேசும் வாயை வைத்து வந்த பெயர். ஐந்தாவது, வண்டிக்காரர்.

மையத்து அம்மாவை நான்தான் கூப்பிட்டிருந்தேன். மருத்துவமனைக் கிடங்கு அதிகாரி சொல்லியிருந்தார்: வருட முடிவில் பார்வையிட வருவார்கள், வேலை இடத்தில் சூடு அளவுக்கு மேல் இருந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது. எங்கள் வேலையில் முக்கால்வாசி மருத்துவமனையுடையது.

"சூட்டை இழுத்து வெளிய தள்ளுற விசிறி, காத்துக் குழாய், எல்லாம் மையமே போட்டுக் கொடுக்கும்" என்றார் அவர். "ஆளுங்க உடம்பு முடியாம படுத்தா மூணு மாசச் சம்பளமும் மையம் கொடுக்கும். ஆனா ஒண்ணு. இதெல்லாம் வேணும்னு நீங்க சொன்னா செல்லாது. அவங்க சொல்லணும்."

பையிலிருந்து ஐந்து படிவங்களை எடுத்தார். பெயர் எழுத வேண்டாம். பதினான்கு கேள்விகள். தூக்கம் வருகிறதா. வேலை நேரத்தில் தலைசுற்றல் உண்டா. சூடு தாங்க முடிகிறதா. வேலை இடத்தில் மனம் விட்டுப் பேச ஆள் உண்டா.

மறுநாள் ஐந்தும் மேசையில் இருந்தன. ஐந்தும் ஒரே கையெழுத்து. நாத்தனார்தான் எழுதியிருக்கிறாள், மற்றவர்களுக்குப் பேனா பிடிக்க அலுப்பு. தலைசுற்றல், இல்லை. சூடு, தாங்க முடிகிறது. தூக்கம், நன்றாக வருகிறது. எழுபது பதில்களில் ஒன்றுதான் வேறு மாதிரி இருந்தது. மனம் விட்டுப் பேச ஆள் உண்டா என்ற இடத்தில், ஒரு தாளில் மட்டும், "இருந்தாங்க."

அதைப் படித்தேன். மற்றவற்றோடு சேர்த்து உறையில் வைத்து அனுப்பினேன்.

மையத்து அம்மா தொலைபேசியில் சிரித்தார். "சார், நீங்க நடத்துறது சலவைக்கூடமா, சொர்க்கமா? சொர்க்கத்துக்கு விசிறி போட எங்ககிட்ட நிதி இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வர்றேன். அதுக்குள்ள அவங்களைக் கொஞ்சம் வாயைத் திறக்கச் சொல்லுங்க."

மோட்டாரைக் கூப்பிட்டேன்.

"எல்லாரும் சௌக்கியம்னு எழுதியிருக்கீங்க."

"சௌக்கியம்தானே சார்."

"சூடு?"

"குளிருக்கு நல்லா இருக்கும் சார்."

"இப்ப குளிர் இல்லையே."

"வரும்ல" என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "சார், கடையை மூடப்போறீங்களா?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பேரில்லாத காகிதம் கொடுத்து உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா, அடுத்தது என்ன? முடியாதவன் வீட்டுக்குப் போ. இதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல பாத்துட்டுத்தான் சார் வந்திருக்கேன்."

மூடப்போவதில்லை என்றேன். தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. நான் சொன்ன விதமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பெரியக்காவிடம் நானே போனேன். போனால் பத்து அடி தூரம். ஏழு மாதத்தில் அந்தப் பத்து அடியை நான் நடந்ததில்லை. அங்கே நின்றபோது கண் எரிந்தது. அவர் சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். புறங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். ஒரு பெட்ஷீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கும் இடைவெளியில் இடது கையால் ரோலரின் முன்மேடையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நொடி. பிறகு விட்டார்.

"உடம்பு சரியில்லையா அக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி."

"தலை சுத்துதா?"

"இல்லையே."

"இருந்தா அந்தப் படிவத்துல எழுதலாம். நல்லதுக்குத்தான்."

என் முகத்தைப் பார்த்தார். எதையோ தேடுவதுபோலப் பார்த்தார். "எழுதுறதுக்கு என்ன இருக்கு தம்பி. வேலை ஓடுது. நீ போய் உக்காரு, இங்க நின்னா வெந்துபோவ."

போய் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் ஆணியில் சிவப்பு கிளிப் இருந்தது. பெரியக்கா உருளைக்கு முன்னால் நின்று நான் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கழற்றிப் பெட்டியில் போட்டேன்.

பத்தேகாலுக்கு அவர் விழுந்தார்.

நான் பார்க்கவில்லை. மேசையில் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் சொன்னதைச் சேர்த்துத்தான் தெரியும். பெட்ஷீட்டின் முனையைக் கொடுத்தார். கொடுத்த கை திரும்பவில்லை. அப்படியே முன்பக்கமாகச் சரிந்தார். துணியோடு வலது கை உருளைக்கு அடியில் போனது. முழங்காலால் தள்ளினால் நிற்கும் கம்பி ஒன்று கீழே உண்டு. நினைவு தப்பியவருக்கு முழங்கால் எங்கே இருந்தது. மோட்டார் ஓடி வந்து கம்பியை உதைத்தார். அதற்குள் எட்டு நொடி, பத்து நொடி. பெட்ஷீட் பின்பக்கம் காய்ந்து வெளியே வந்தது. அண்ணிக்காரி வழக்கம்போல முனையைப் பிடித்து மடிக்கத் தொடங்கினாள். இரண்டாவது மடிப்பில்தான் கத்தினாள்.

வண்டியில் ஏற்றினோம். நாங்கள் துணி வெளுக்கும் அதே மருத்துவமனை. கையைச் சுற்றிக் கட்டி ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவருக்கு அடியில் விரித்திருந்த பெட்ஷீட்டின் ஓரத்தில் எங்கள் கூடத்து எண் இருந்தது. சுருக்கமே இல்லை. அவர் கொடுத்த துணிதான்.

மருத்துவர் இளைஞர். "உயிருக்கு ஒண்ணுமில்ல. கை..." என்று நிறுத்தினார். "ஆறட்டும். நடுவிரலும் மோதிரவிரலும் மடங்குமான்னு ஆறின பிறகுதான் தெரியும். இவங்களுக்கு ரத்தம் ரொம்பக் குறைச்சலா இருக்கு. எத்தனை மாசமா தலைசுத்தல்? யாருமே கவனிக்கலையா?"

"அவங்க சொல்லல" என்றேன்.

எனக்குப் பின்னால் மோட்டார் நின்றிருந்தார். மருத்துவர் போகும்வரை பொறுத்தார்.

"சொன்னாங்க சார்."

"எப்ப?"

"இன்னிக்குக் காலையில கூடச் சொன்னாங்க. உங்க கையாலதான கழட்டிப் போட்டீங்க?"

எனக்குப் புரியவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய கோபம் பாதியில் நின்றது. வாயால் பெயர் வாங்கிய மனிதர் வார்த்தைக்குத் தடுமாறினார்.

"சார்... உங்களுக்கு அந்தப் பலகை என்னன்னு தெரியாதா?"

"கிளிப் மாட்டுற பலகை."

"கடவுளே" என்று சுவரில் சாய்ந்தார். பிறகு, சின்னப் பையனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ஆளுக்கு ஒரு ஆணி சார். முதல் ஆணி அக்காவோடது. ரெண்டாவது என்னுது. காலையில வரும்போது உடம்போ மனசோ சரியில்லைன்னா நம்ம ஆணியில சிவப்பு மாட்டணும். மூணாவது விடுதி போன பிறகு சிவப்பு வேற எதுக்கும் கிடையாதுன்னு அம்மா ஒதுக்கி வெச்சாங்க. ஏன், என்னன்னு யாரும் கேக்கக் கூடாது. அம்மா எட்டு மணிக்கு வந்து பலகையைப் பாப்பாங்க. மாட்டின ஆளுக்கு அன்னிக்கு உக்காந்து செய்ற வேலை. கிழிசல் தைக்கிறது, துணிக்கட்டுல சீட்டு ஒட்டுறது. கிளிப் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே தொங்கும். அவ்ளோதான்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீங்க அம்மாவோட வீட்டுக்காரர் சார். உங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி நிறைய அழுக்குத் துணி போனது. நாளை எங்களுக்கு வர வேண்டிய துணி.

"நீங்க வந்த முதல் நாள் மூணு சிவப்பு இருந்துச்சு சார்" என்றார் மோட்டார். "அம்மா போய்ப் பத்து நாள். யாருக்குக் கை ஓடும், கால் ஓடும்? நீங்க வந்தீங்க. ஒவ்வொண்ணா கழட்டினீங்க. பெட்டியில போட்டீங்க. ஒரு வார்த்தை பேசாம போய் உக்காந்தீங்க. சரி, சாருக்கு இதெல்லாம் பிடிக்கலைன்னு நாங்க விட்டுட்டோம். அக்கா மட்டும்தான் விடல. ஏன்க்கா வம்புன்னு கேட்டா, ஒரு நாளாவது அந்தப் புள்ள விட்டுவைக்கும்டான்னாங்க."

மருத்துவமனைக்கு வெளியே வந்தேன். மையத்து அம்மாவுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமைவரை காத்திராமல் மறுநாளே வந்தார். ரோலர் ஓடவில்லை. கூடம் அமைதியாக இருந்தது. பலகைக்கு முன்னால் அவர் வெகுநேரம் நின்றார்.

"இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். "யார் செஞ்சது?"

"என் மனைவி."

"அவங்களுக்கு எந்த ஆணி?"

எண்ணிப் பார்த்தேன். ஐந்து ஆட்கள். ஐந்து ஆணிகள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், நான் சொல்றதை நல்லாக் கேளுங்க. விசிறிக்கு இப்ப தடையில்ல. விபத்தே நடந்துடுச்சு, யாரும் மறுக்க மாட்டாங்க. ரெண்டு மாசத்துல போட்டுடலாம். ஆனா அடிபட்ட அம்மாவோட சம்பளம் வேற விஷயம். அதுக்கு அவங்க உடம்பு முடியலைன்னு விபத்துக்கு முன்னாடியே முதலாளிகிட்டச் சொல்லியிருக்கணும். படிவத்துல என்ன இருக்கு? எல்லாரும் சௌக்கியம். அதனால மூணு மாசச் சம்பளமும் கிடையாது, கைக்கு ஆகுற வைத்தியச் செலவும் கிடையாது."

"அவங்க சொன்னாங்க. ஏழு மாசமா சொன்னாங்க. நான்தான் கழட்டிப் போட்டேன்."

"அதைத்தான் சொல்ல வர்றேன். அதை நீங்க எழுதிக் கொடுத்தா அவங்களுக்குக் கிடைக்கும். ஆனா சொல்லியும் கவனிக்காத முதலாளிக்கு ரெண்டு வருஷம் எந்தக் கருவியும் கொடுக்க மாட்டாங்க. விசிறி போச்சு. விசிறி இல்லன்னா உங்க ஒப்பந்தம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்." பேனாவை மூடிக்கொண்டார். "ஒரு பக்கம் ஒருத்தங்க. இன்னொரு பக்கம் மிச்சம் நாலு பேர். நான் எதையும் எழுதுங்கன்னு சொல்ல மாட்டேன். எழுதினா அவங்க கையெழுத்தும் வேணும், நடந்தது உண்மைன்னு. யோசிச்சுச் செய்ங்க. எழுதினது எழுதினதுதான்."

யோசிக்கவில்லை. யோசிப்பது என்றால் என்ன என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றே ஒரு தாளில் நான்கு வரி எழுதினேன். பலகை எதற்கு, சிவப்பு என்றால் என்ன, யார் மாட்டினார், யார் கழற்றினார். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறிய அறிக்கை அதுதான்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பெரியக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். தாளை எடுத்துக்கொண்டு போனேன்.

மாடிப்படிக்கு அடியில் இரண்டு அறை. முன்னறையில் மருமகள் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பெரியக்கா சுவரோரம் பாயில், தலையணை மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். கட்டுக்கு வெளியே கட்டைவிரல் நுனி மட்டும் தெரிந்தது.

"வா தம்பி. ரோலர்ல யாரு நிக்கிறா?"

"மோட்டார். கொஞ்ச நேரம் நான்."

"நீயா?" சிரிக்கப் பார்த்தார். "துணி தீஞ்சு போயிருக்குமே."

"நாலு தீஞ்சுது."

தாளைப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். இடது கை கட்டைவிரல் ரேகை போதும். சம்பளமும் வைத்தியமும் மையம் பார்த்துக்கொள்ளும்.

"விசிறி?"

அதை நான் சொல்லவில்லை. மோட்டார் சொல்லியிருக்கிறார்.

"விசிறி வராது."

"அப்ப வேண்டாம். கிழிச்சுப் போடு." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் சிவப்பு மாட்டவே இல்ல. யாரு கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அந்தப் பொண்ணு ரெண்டு பழைய மெஷினை வாங்கிப் போட்டு, என்னை நம்பி ஆரம்பிச்ச கடை. என் ஒரு கைக்காக நாலு பேர் அடுப்புல தண்ணி ஊத்தச் சொல்றியா?"

"கை உங்களுது அக்கா."

"போன கை போச்சு."

நான் எழுந்திருக்கவில்லை. வெளியே குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுதது. அழுகை நின்ற பிறகு அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. கோவம்தானே?"

"யார் மேல?"

"எம்மேலதான். வேற யார் மேல? மாட்டுறப்பல்லாம் என் கண் முன்னால கழட்டிப் போடுவியே, ஒரு வார்த்தை பேசாம. எனக்குத் தெரியும். உனக்கு அந்தச் சிவப்பைப் பாத்தாலே ஆகாதுன்னு தெரியும். இருந்தாலும், என்னிக்காவது ஒரு நாள் விட்டுவெச்சா, சரி, புள்ள மன்னிச்சிருச்சுன்னு..."

"அக்கா, எனக்குப் புரியல. எதை மன்னிக்கிறது?"

என்னைப் பார்த்தார். அன்று ரோலர் பக்கத்தில் பார்த்த அதே பார்வை.

"அவ இருந்த அந்தக் கடைசி மூணு நாள்" என்றார். "நான்தானே சிவப்பு மாட்டியிருந்தேன். இடுப்பு நிக்கல எனக்கு. அவ என்னைச் சீட்டு ஒட்ட உக்கார வெச்சுட்டு ரோலர்ல நின்னா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா தம்பி. நான் பாத்தேன். என்னடி பொண்ணுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லக்கா, நீங்க உக்காருங்கன்னா. நான் உக்காந்துட்டேன். மூணு நாள் உக்காந்திருந்தேன். நாலாம் நாள் அவளைத் தூக்கிட்டுப் போனாங்க." இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவ சொல்லியிருப்பாளே உங்கிட்ட. சொல்லலையா?"

சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று இரவுகளும் எனக்கு நினைவிருந்தன. அவள் உடம்பெல்லாம் கஞ்சி வாசனையோடு வந்தாள். முழங்கைகள் சிவந்திருந்தன. இரண்டாம் நாள் சாப்பிடாமல் படுத்தாள்.

ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாததை அந்த அறையில் சொன்னேன்.

"எங்கிட்ட வயிறு வலிக்குதுன்னு சொன்னா அக்கா. வாயுவா இருக்கும், தூங்கினா சரியாப் போயிடும்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னா. ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னேன்."

குடல்வால் வெடித்திருந்தது. அது பெரியக்காவுக்கும் தெரியும். நான் சொன்ன பதில்தான் யாருக்கும் தெரியாது.

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. நானும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் பக்கம் இருந்த மூன்று நாளும் என் பக்கம் இருந்த மூன்று நாளும் அந்தப் பாயின் மேல் கிடந்தன. எது கனம் என்று பார்க்க எங்களால் முடியவில்லை.

"உங்க மேல கோவமே இல்ல அக்கா. அது என்னன்னே தெரியாமத்தான் கழட்டினேன். நான் எதையுமே பாக்கல."

"தெரியாமலா?" என்றார். அப்புறம் தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல, "ஏழு மாசம் நான் பயந்து செத்தேனே. தெரியாமலா செஞ்ச?" என்றார். இந்தத் தடவை அவர் அழுதார். சத்தமில்லாமல். கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கினார். கட்டு முகத்தில் இடித்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திரும்பத் தலையணையில் வைத்தார்.

மை டப்பாவைத் திறந்தேன். இடது கட்டைவிரலை அவராகவே நீட்டினார்.

"கடை போனா அவ என்னைச் சும்மா விட மாட்டா."

"என்னைத்தான் விட மாட்டா" என்றேன்.

தாள் மையத்துக்குப் போனது. மூன்று வாரத்தில் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று பெரியக்காவுக்குச் சம்பளமும் வைத்தியமும் உண்டு என்றது. இன்னொன்று எங்களுக்கு இரண்டு வருடம் எந்தக் கருவியும் இல்லை என்றது. மையத்து அம்மா மட்டும் ஒருமுறை வந்து, பின்சுவரில் உயரமாக இரண்டு ஓட்டை உடைத்தால் சூடு கொஞ்சம் இறங்கும் என்று இடம் காட்டிவிட்டுப் போனார். நானும் வண்டிக்காரரும் உடைத்தோம். இரண்டு டிகிரி இறங்கியது. அளவுக்கு இன்னும் ஐந்து டிகிரி மேலேதான்.

பெரியக்காவின் இரண்டு விரல்களும் மடங்கவில்லை. இனி மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பட்டன் போட மருமகள் வேண்டும். மூன்று மாதம் முடிந்தபின் சீட்டு ஒட்ட வரச் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் தம்பி என்றார். வருவாரா தெரியாது. முதல் ஆணியை யாரும் தொடுவதில்லை.

ரோலரில் நான் நிற்கிறேன். காலையிலிருந்து மதியம்வரை நான், பிறகு மோட்டார். புதிதாக ஆள் கேட்டோம். ஒருவர் வந்தார், கூடத்துக்குள் கால் வைத்தார், தண்ணீர் குடித்தார், போய்விட்டார். "ஓடிப்போனவன் புத்திசாலி சார்" என்றார் மோட்டார். "நாமதான் மக்கு. பழகிட்டோம்."

நான் இப்போது மற்றவர்களைப் போல ஏழு மணிக்கே வருகிறேன். ஒரு நாள் வந்தபோது பலகையில் ஆறாவதாக ஒரு ஆணி இருந்தது. கோணலாக அடித்திருந்தது.

"யாருக்கு?"

"ரோலர்ல நிக்கிற ஆளுக்கு ஆணி உண்டு சார்" என்றார் மோட்டார். "அம்மாவுக்கு அடிக்காம விட்டது எங்க தப்பு."

ஐந்து வாரம் அந்த ஆணியைக் காலியாக வைத்திருந்தேன். வெளியே கொளுத்தும் வெயில். இரண்டாம் துணிக்கட்டுக்கே முதுகு நனைந்து, உலர்ந்து, உப்புப் பூத்தது. இரவில் படுத்தால் உருளை கண்ணுக்குள் சுற்றியது. வியாழக்கிழமை காலை தாமதமாக வந்தேன், ஏழரை மணிக்கு. பெட்டியில் நீலக் கிளிப் எடுக்கக் கையை விட்டேன். கை நடுங்கியது. வெளியே எடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியக்காவின் இடது கை நினைவுக்கு வந்தது. இரண்டு நொடி பிடித்து, விட்ட கை.

பெட்டியிலிருந்து ஒரு சிவப்பை எடுத்து ஆறாவது ஆணியில் மாட்டினேன்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. மோட்டார் பலகையைப் பார்த்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ரோலருக்கு முன்னால் போய் நின்றார். நான் தையல் மூலையில் உட்கார்ந்து ஒரு தலையணை உறையின் கிழிசலை எடுத்தேன். ஊசியில் நூல் கோக்க நான்கு தடவை ஆனது. கோத்துவிட்டு நிமிர்ந்தேன்.

அந்த மூலையிலிருந்து பலகை நேராகத் தெரியும். இரண்டாவது ஆணியிலும் சிவப்பு இருந்தது.

எனக்கு முன்பே வந்து மாட்டியிருக்கிறார். நான் வருவதற்குள் மெஷின்களை ஓடவிட்டிருக்கிறார். உள்ளே நுழைந்தபோது நான் என் ஆணியை மட்டும் பார்த்திருக்கிறேன். இப்போது மோட்டார் பெட்ஷீட்டின் முனையை உருளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. காலையிலிருந்தே அவர் பேசவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உறையைக் கீழே வைத்தேன். பத்து அடி நடந்தேன். முழங்காலால் கம்பியைத் தள்ளி, சுவரில் இருந்த விசையையும் அணைத்தேன். உருளை மெதுவாகி நின்றது. பாதி உள்ளே போன பெட்ஷீட் அப்படியே மாட்டிக்கொண்டு தீயும் வாசனை வந்தது.

"என்ன சார்?" என்றார் மோட்டார்.

"உக்காருங்க."

"பதினோரு மணிக்கு மருத்துவமனைக்கு மூட்டை போகணும் சார். இன்னும் நூத்திருபது பாக்கி."

"தெரியும். உக்காருங்க."

அவர் தையல் மூலைக்குப் போகவில்லை. தரையில் அப்படியே குந்தி, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அண்ணியும் நாத்தனாரும் பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். வண்டிக்காரர் வாசலில் சாவியோடு நின்றார்.

"சார், அங்க என்னன்னு சொல்றது?"

"முடியலைன்னு சொல்லுங்க."

"அவங்க விட்டுட மாட்டாங்க சார். ஒப்பந்தத்துல கை வெப்பாங்க."

"சரி" என்றேன்.

வண்டிக்காரர் போனார். மோட்டாருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். உருளை முழுதாக ஆற நாற்பது நிமிடம் ஆகும். ஆறும்போது இரும்பு சுருங்கி உள்ளே டிக் டிக் என்று சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டு மிச்சம் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். என் மேசையில் தொலைபேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.